எலுமிச்சை மரத்தில் தேனீக் கூட்டம். கொல்லாமல் எடுத்துப்போக ஆள் பிடிப்பது எப்படி?

கொல்லைப்புறம் (காலை 11.40)

வணக்கம். கொஞ்சம் அவசரம், தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

இன்று பத்தரை மணிக்குப் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் மோட்டார் ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சல் கேட்டது. பக்கத்து வீட்டில்தான் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பினால், கொல்லை முழுக்கத் தேனீ. வெயிலில் அத்தனையும் சுற்றிச் சுற்றிப் பறந்தன. வாளியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினேன். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கால் மணி நேரத்தில் எல்லாம் எலுமிச்சை மரத்தின் ஒரு கிளையில் போய் ஒட்டிக்கொண்டன. இப்போது அங்கே ஒரு சின்னக் குடம் அளவுக்குத் தொங்குகிறது. சத்தம் குறைந்துவிட்டது.

வீட்டில் ஆறு வயது மகளும் 74 வயது மாமியாரும் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் நல்ல எண்ணத்தோடுதான், "சாயங்காலம் பந்தம் கட்டி எரித்துவிடலாம்மா, பயப்படாதே" என்கிறார். எனக்கு மனம் வரவில்லை. அந்த மரம் பூத்த நாளெல்லாம் தேனீக்கள் வந்து போனதை நானும் மகளும் நின்று பார்த்திருக்கிறோம். அதே மரத்தில் வைத்து அவற்றை எரிக்க வேண்டுமா?

பூச்சி மருந்து அடிக்கும் ஓரிடத்துக்குப் போன் செய்தேன். மருந்துதான் அடிப்போம், உயிரோடு எடுக்க மாட்டோம் என்றார்கள். தேனீ வளர்ப்பவர்கள் வந்து எடுத்துப்போவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் அப்படி ஒருவரை எங்கே தேடுவது? யாரைக் கேட்பது? அதுவரை இவை அங்கேயே இருக்குமா?

பெட்டிக்காரர் (பகல் 12.05)

அம்மா, முதலில் ஒன்று: நீங்கள் இதுவரை செய்ததெல்லாம் சரி. கதவைச் சாத்தினீர்கள், எதையும் எறியவில்லை, எதையும் தெளிக்கவில்லை. அப்படியே இருங்கள். பெரியவரிடம் பந்தம் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். எரிக்கிறபோது ஒரு பகுதிதான் சாகும், மிச்சம் இருப்பவை கொட்டும். எரிந்து விழும் கிளையால் ஆளுக்குக் காயம் படுவதும் உண்டு.

நான் 19 வருடமாகத் தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன். இப்படிக் கிளையில் இறங்கிய கூட்டத்தை எடுக்க வருடத்துக்குப் பலமுறை போகிறேன். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது பிரிந்து வந்த கூட்டம். ஒரு கூட்டில் கூட்டம் பெருத்து இடம் போதாமல் போனால், பழைய ராணி பாதிக்கு மேற்பட்ட வேலைக்காரத் தேனீக்களோடு கிளம்பிவிடும். அந்தக் கூடு புது ராணிக்கு. கிளம்பியவை நேராகப் புது வீட்டுக்குப் போவதில்லை. பக்கத்தில் ஒரு கிளையில் இறங்கி, அங்கிருந்து வேவுத் தேனீக்களை அனுப்பி இடம் தேடும். உங்கள் மரம் அவற்றுக்கு ஒரு தங்கல். சில மணி நேரத்தில் போகலாம், இரண்டு மூன்று நாளும் ஆகலாம். அதனால்தான் இன்றைக்கே ஆள் பிடிக்க வேண்டும். தாமதித்தால் உங்கள் வீட்டு அலமாரிக்குப் பின்னாலோ கூரை இடுக்கிலோ குடியேறிவிட்டால் வேலை பத்து மடங்கு.

இந்த நிலையில் அவை சாதுவானவை. புறப்படும்போது வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டு வரும். காப்பாற்ற அடையும் இல்லை, குஞ்சும் இல்லை. ஆனாலும் கிளையை ஆட்டினால், அழுத்தினால் கொட்டும். நாள் கணக்கில் பசியோடு தொங்கும் கூட்டம் எரிச்சலாகவும் இருக்கும். தூரத்தில் இருங்கள்.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். தொங்குவது வெறும் தேனீக் கொத்தா, அதற்கு நடுவில் மெழுகு அடை தெரிகிறதா? தரையிலிருந்து எத்தனை அடி உயரம்? ஜன்னலுக்குள் நின்றபடியே படம் எடுத்துப் பாருங்கள். கிட்டப் போக வேண்டாம்.

ஆள் பிடிப்பதற்கு நான் சொல்லும் வழி இது. தேன் விற்பவர்களில் தானே பெட்டி வைத்துத் தேன் எடுப்பவர் யார் என்று விசாரியுங்கள். கடைக்காரர் வாங்கி விற்பவராக இருந்தாலும், யாரிடம் வாங்குகிறார் என்று சொல்வார். அடுத்து, பழத்தோட்டமும் காய்கறித் தோட்டமும் வைத்திருப்பவர்கள். மகரந்தச் சேர்க்கைக்காகத் தோட்டத்தில் பெட்டி வைத்துக்கொள்பவர்களுக்குப் பெட்டிக்காரரின் எண் கட்டாயம் தெரியும். விவசாயத் துறை அலுவலகம், தோட்டக்கலைத் துறை, வேளாண் கல்லூரி ஆகியவற்றில் தேனீ வளர்ப்புப் பயிற்சி நடந்திருந்தால் பயிற்சி பெற்றவர்களின் பெயர் இருக்கும். தேனீ வளர்ப்போர் சங்கம் இருக்கிற ஊர்களில் கூட்டம் எடுப்பவர்கள் பட்டியலே வைத்திருப்பார்கள். தீயணைப்பு நிலையத்துக்கும் போன் செய்யலாம். அவர்கள் தாங்களே எடுக்காவிட்டாலும், இப்படி அழைப்பு வந்தால் யாரைக் கூப்பிடுவார்கள் என்று கேளுங்கள். முதல் ஆள் வர முடியாது என்றால் அவரிடமே இன்னொரு எண் கேட்டு வாங்கிவிடுங்கள். இந்தத் தொழிலில் ஒருவருக்கு ஒருவரைத் தெரியும்.

கொல்லைப்புறம் (பகல் 12.30)

மிக்க நன்றி ஐயா. ஜன்னலுக்குள் நின்றே பெரிதாக்கிப் படம் எடுத்தேன். அடை எதுவும் தெரியவில்லை. தேனீயின் மேல் தேனீயாகத் தொங்குகிறது. உயரம் ஏழு அடிக்குள் இருக்கும். துணி காயப்போடும் கம்பி கிளைக்கு மூன்றடி தள்ளிப் போகிறது, மின்கம்பி எதுவும் பக்கத்தில் இல்லை. மேல்பரப்பில் சில தேனீக்கள் வயிற்றை ஆட்டிக்கொண்டு ஓடுகின்றன. அது கோபமா?

இன்னொன்று, மாமியாருக்கு நான்கு வருடத்துக்கு முன்னால் குளவி கொட்டி உடம்பு முழுக்கத் தடித்து, மூச்சு வாங்கியது. அதனால்தான் எனக்கு இவ்வளவு பயம்.

இரவுப்பணி (பகல் 12.50)

நான் அவசரப் பிரிவில் செவிலியராக வேலை செய்கிறேன். உங்கள் கடைசி வரியைப் பார்த்ததும் உடனே எழுதுகிறேன்.

கொட்டிய இடம் மட்டும் வீங்குவது வேறு. உடம்பு முழுக்கத் தடிப்பதும் மூச்சு வாங்குவதும் தீவிர ஒவ்வாமை. குளவி விஷத்துக்கு ஒவ்வாமை உள்ளவருக்குத் தேனீ விஷத்துக்கும் இருக்கும் என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் இரண்டு விஷமும் வேறு. ஆனால் அதை வீட்டில் வைத்துப் பரீட்சை பார்க்க வேண்டாம். வேலை முடியும்வரை மாமியார் வேறு இடத்தில் இருக்கட்டும், உறவினர் வீடாக இருந்தால் நல்லது. முடியாவிட்டால் முன்பக்க அறையில், ஜன்னல் மூடி.

எதிர்பாராமல் யாருக்காவது கொட்டினால், கொடுக்கை உடனே எடுத்துவிடுங்கள். தேனீயின் கொடுக்கில் முள் இருப்பதால் அது விஷப்பையோடு தோலிலேயே தங்கிவிடும், எடுக்கும்வரை விஷம் இறங்கிக்கொண்டே இருக்கும். நகத்தால் சுரண்டுவதா, இடுக்கியால் எடுப்பதா என்று யோசித்து நேரம் கடத்தாதீர்கள். எப்படி எடுத்தாலும் சரி, வேகம்தான் முக்கியம். கொட்டிய இடத்திலிருந்து வாழைப்பழ மணம் மாதிரி ஒரு வாசனை வரும். அது மற்ற தேனீக்களைக் கூப்பிடும் அபாய மணம். அதனால் அந்த இடத்திலேயே நிற்காமல் வீட்டுக்குள் வந்துவிடுங்கள். தண்ணீரில் குதிப்பது வேண்டாம், தலை வெளியே வரும்வரை அவை மேலே காத்திருக்கும்.

முகம், உதடு, நாக்கு வீங்குவது, மூச்சுத் திணறல், தலைசுற்றல், வாந்தி. இதில் ஒன்று வந்தாலும் ஆம்புலன்ஸ். அட்ரினலின் ஊசி தாமதமாகிற ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து. ஒவ்வாமை இல்லாதவருக்கும் நிறையக் கொட்டுப் பட்டிருந்தால் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும், ஏனென்றால் அங்கே விஷத்தின் அளவே பிரச்சினை. தேனீ எடுக்க ஆள் வந்ததும் அவரிடமும் மாமியாரைப் பற்றி முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

பழையவீடு (பகல் 1.15)

மருந்து அடிப்பதைப் பற்றி நான் பட்டதைச் சொல்கிறேன், சகோதரி. எங்கள் பழைய வீட்டுச் சுவரில் ஒரு பிளவுக்குள் தேனீக்கள் போய் வந்துகொண்டிருந்தன. மூன்று மாதம் அப்படியே விட்டோம். பிறகு ஒரு பூச்சி ஒழிப்பு நிறுவனத்தைக் கூப்பிட்டோம். பவுடர் ஊதினார்கள், இரண்டு நாளில் சத்தம் அடங்கியது, பிளவைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டுப் போனார்கள். பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

உள்ளே தேனடை அப்படியே இருந்தது. தேனீ உயிரோடு இருந்தால் வெயில் காலத்தில் தண்ணீர் கொண்டுவந்து, சிறகால் விசிறிக் கூட்டைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும். அவை செத்தபின் விசிற ஆள் இல்லை. மெழுகு இளகித் தேன் ஒழுக ஆரம்பித்தது. சுவரில் பழுப்பாக ஒரு கறை, நாளுக்கு நாள் பெரிதானது. எறும்பு, அப்புறம் மெழுகுப் பூச்சி, அப்புறம் எலி. செத்த புழுக்களின் நாற்றம் படுக்கையறைவரை வந்தது. கடைசியில் சுவரை இடித்து, அடை முழுவதையும் எடுத்துக் கழுவி, மறுபடி பூசினோம். முதலிலேயே தேனீக்காரரைக் கூப்பிட்டிருந்தால் சுவரை ஒரு முறைதான் திறந்திருப்போம், அவையும் பிழைத்திருக்கும்.

அந்த அடைகளை வெளியே குவித்தபோது வேறு தேனீக்கள் வந்து அந்தத் தேனை உறிஞ்சின. விஷம் கலந்த தேன். நான் ஓடிப்போய் எல்லாவற்றையும் கோணியில் கட்டிக் குழி தோண்டிப் புதைத்தேன். எத்தனை தேனீ அதற்குள் எடுத்துப் போயிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

உங்களுடையது இன்னும் கிளையில்தான் இருக்கிறது. இன்றே எடுத்துவிடுங்கள்.

பெட்டிக்காரர் (பகல் 1.40)

வயிற்றை ஆட்டி ஓடுவது கோபம் இல்லை அம்மா. அது ஆட்டம். வேவுக்குப் போன தேனீ ஒரு பொந்தைப் பார்த்துவிட்டு வந்து, அது எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஆடிக் காட்டுகிறது. தேனீயின் இந்த ஆட்டத்தைப் படித்தறிந்தவர் கார்ல் வான் ஃபிரிஷ், 1973இல் நோபல் பரிசு வாங்கினார். அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டாவர் இப்படிக் கிளையில் தொங்கும் கூட்டங்களை உட்கார்ந்து கவனித்தார். சில ஆட்டக்காரத் தேனீக்களின் மேல் புகைக்கரியும் செங்கல் தூளும் ஒட்டியிருந்ததைப் பார்த்து, இவை பூவுக்குப் போய் வரவில்லை, வீடு பார்த்துவிட்டு வருகின்றன என்று கண்டுபிடித்தார். 1955இல் அதை எழுதி வெளியிட்டார். முதலில் பல ஆட்டக்காரர்கள் பல திசை காட்டுவார்கள். நேரம் போகப் போக ஒரே திசைக்கு எல்லோரும் ஒத்துப்போவார்கள். அப்படி ஒத்துப்போய்விட்டால் கூட்டம் கிளம்பப்போகிறது என்று அர்த்தம். உங்கள் மகளை ஜன்னலுக்குப் பின்னால் நிற்கவைத்துக் காட்டுங்கள், வாழ்நாளுக்கும் மறக்காது.

ஆள் கிடைத்ததும் போனில் இதையெல்லாம் சொல்லிவிடுங்கள்: எப்போது வந்தது, எவ்வளவு பெரிது, எத்தனை அடி உயரம், அடை இல்லை, மருந்து எதுவும் தெளிக்கவில்லை, மின்கம்பி இல்லை. படத்தையும் அனுப்புங்கள். படத்தை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், தேனீ என்று கூப்பிட்ட வீடுகளுக்கு நான் பாதித் தூரம் போனபின் அது குளவிக் கூடு என்று தெரிந்து திரும்பியிருக்கிறேன். சாம்பல் நிறத்தில் காகிதம் மாதிரிக் கூடு இருந்தால் அது குளவியோ கதண்டோ. அதற்குத் தேனீக்காரர் வர மாட்டார். மருந்து தெளித்த கூட்டமாக இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், எங்கள் மற்றப் பெட்டிகளுக்கு அது பரவிவிடும்.

நீங்களும் அவரிடம் கேட்க வேண்டும். உயிரோடு எடுத்துப் பெட்டியில் வைப்பீர்களா? பணம் எவ்வளவு, அது போகவர மட்டுமா, வேலைக்குமா? இருட்டும்வரை பெட்டி அங்கேயே இருக்குமா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். கூட்டத்தை இறக்கியதும் வெளியே பறக்கிற தேனீக்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். பெட்டியை உடனே தூக்கிக்கொண்டு போகிறவர் அவற்றை அநாதையாக விட்டுவிட்டுப் போகிறார். பொழுது சாய்ந்து எல்லாம் உள்ளே போனபிறகு வாயிலை அடைத்துத் தூக்குபவர்தான் வேலை தெரிந்தவர். புகையே போடாமல் லேசாகத் தண்ணீர் தெளித்து எடுத்தாலும் பயப்படாதீர்கள், கிளையில் தொங்கும் கூட்டத்துக்குப் பெரும்பாலும் அது போதும்.

சாயங்காலம் பின்பக்க விளக்கைப் போடாதீர்கள்.

மொட்டைமாடி (பகல் 2.20)

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மூன்றடி அகலத்தில் ஒரே அடையாகத் தொங்குகிறது. பெரிய தேனீக்கள். கிட்டப் போனால் மேலே அலை அலையாக ஓடுகிறது. இதையும் பெட்டியில் எடுத்துப் போவார்களா?

பெட்டிக்காரர் (பகல் 2.45)

இல்லை தம்பி, அது மலைத்தேனீ. பெட்டிக்குள் வளராது. திறந்தவெளியில் ஒரே அடை கட்டுகிற இனம். பெட்டியில் வளர்ப்பது பொந்துக்குள் பல அடை கட்டும் தேனீக்களைத்தான். அந்த அலை அவற்றின் எச்சரிக்கை. வரிசையாக வயிற்றைத் தூக்கி இறக்கிப் பகைவனை விரட்டும். தேன்பருந்து அடையில் மோதினாலோ யாராவது கல் எறிந்தாலோ கூட்டமாகத் துரத்தும், நெடுந்தூரம் துரத்தும்.

உங்கள் விஷயத்தில் முடிந்தால் காத்திருப்பதே நல்லது. அவை பருவத்துக்குப் பருவம் இடம் மாறுகிறவை. பூ குறைந்தால் அடையை விட்டுவிட்டுத் தாமாகவே போய்விடும். அதுவரை தொட்டிப் பக்கம் யாரும் போகாமல் கயிறு கட்டுங்கள், இரவில் அந்தப் பக்கம் விளக்கு எரிய வேண்டாம், வெளிச்சத்துக்கு இந்த இனம் இரவிலும் வரும். போனபிறகு மெழுகைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிடுங்கள். அடுத்த பருவத்தில் அதே இடத்துக்குத் திரும்பி வரும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. குழந்தைகள் நடமாடுகிற இடத்துக்கு மிகப் பக்கத்தில் இருந்து, காத்திருக்கவே முடியாது என்றால், மலைத்தேனீ எடுத்துப் பழகியவரை மட்டும் கூப்பிடுங்கள். என்னைப் போல் பெட்டி வைத்திருப்பவர் எல்லோருக்கும் அந்த வேலை தெரியாது.

கொல்லைப்புறம் (மறுநாள் காலை 9.10)

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன், இன்னொருவருக்கு உதவும்.

மாமியாரை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். விவசாய அலுவலகத்தில் ஒரு எண் கிடைத்தது, அவர் வெளியூரில் இருந்தார். ஆனால் நீங்கள் சொன்னபடி அவரிடமே இன்னொரு எண் கேட்டேன். நான்காவது அழைப்பில் ஆள் கிடைத்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை, 11 பெட்டி வைத்திருக்கிறார். படத்தைப் பார்த்ததும், "அம்மா, நாலு மணிக்கு வருகிறேன், யாரும் கிளையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்.

தனியாக வந்தார். பழைய அடை வைத்த ஒரு சட்டத்தைப் பெட்டிக்குள் வைத்து, கிளைக்குக் கீழே ஸ்டூல் போட்டுப் பெட்டியை வைத்தார். தண்ணீரைப் பனி மாதிரி தெளித்தார். பிறகு கிளையைப் பிடித்து ஒரே ஒரு உதறல். கூட்டம் மொத்தமாகப் பொத்தென்று பெட்டிக்குள் விழுந்தது. ஒரு நிமிடம் கொல்லை முழுக்க மறுபடி இரைச்சல். அப்புறம் பெட்டியின் வாசலில் சில தேனீக்கள் தலையைக் கீழே வைத்து, வால் பக்கத்தைத் தூக்கி, சிறகை வேகமாக அடித்துக்கொண்டு நின்றன. "ராணி உள்ளே இருக்கிறாள், மற்றவர்களுக்கு மணம் அனுப்புகிறார்கள்" என்றார். அதன்பிறகு தேனீக்கள் எறும்பு மாதிரி வரிசையாக உள்ளே நடந்துபோனதை மகள் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பெரியவரும் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கடைசிவரை பார்த்தார். ஏழு மணிக்கு நன்றாக இருட்டியபின் வாயிலைத் துணியால் அடைத்துப் பெட்டியை எடுத்துப்போனார். யாருக்கும் ஒரு கொட்டுக்கூடப் படவில்லை.

ஒரு கேள்வி மட்டும். இன்று காலை அதே கிளையில் முப்பது நாற்பது தேனீக்கள் சுற்றுகின்றன. ஒரு பிடியளவு ஒட்டிக்கொண்டும் இருக்கின்றன. ராணி இங்கேயே தங்கிவிட்டதா?

பெட்டிக்காரர் (மறுநாள் காலை 9.35)

தங்கவில்லை. ராணி இல்லாவிட்டால் நேற்று மாலையே கூட்டம் பெட்டியை விட்டு வெளியேறிக் கிளைக்குத் திரும்பியிருக்கும். இவை வேவுக்குப் போய் நேரம் தாழ்த்தி வந்தவை. கிளையில் ராணியின் மணம் இன்னும் இருப்பதால் சுற்றுகின்றன. ஓரிரண்டு நாளில் கலைந்துவிடும். சில, தாங்கள் பிரிந்து வந்த பழைய கூட்டுக்கே திரும்பிவிடும். அந்தக் கிளையை ஈரத்துணியால் துடைத்தால் மணம் சீக்கிரம் போகும், ஆனால் தேனீ ஒட்டியிருக்கும்போது துடைக்காதீர்கள். உங்கள் மாமியார் நாளை மறுநாள் வீட்டுக்கு வரட்டும்.

கூரை ஓரத்தில், சுவரில் விரல் நுழைகிற அளவு ஓட்டை ஏதாவது இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்து அடைத்துவிடுங்கள். நேற்று ஆடிய வேவுக்காரர்கள் எந்தப் பொந்தைப் பார்த்துவிட்டு வந்தார்களோ தெரியாது. முதலில் உள்ளே எதுவும் குடியிருக்கவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு அடையுங்கள்.

கொல்லைப்புறம் (மறுநாள் இரவு 8.20)

குளியலறை ஜன்னலுக்கு மேலே பழைய குழாய் போன துளை ஒன்று திறந்திருந்தது. அரை மணி நேரம் நின்று பார்த்தோம், எதுவும் போகவுமில்லை, வரவுமில்லை. வலை வைத்துப் பூசிவிட்டோம். கிளையில் இப்போது ஏழெட்டுத் தேனீதான் இருக்கிறது.

டீச்சர் சாயங்காலம் போன் செய்தார். பெட்டியைத் திறந்து பார்த்தாராம், அதற்குள் வெள்ளை மெழுகில் புது அடை உள்ளங்கை அளவு கட்டிவிட்டனவாம். மகள் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும் என்கிறாள். டீச்சர் அவள் அளவுக்கு ஒரு முகவலை இருக்கிறது, கூட்டி வாருங்கள் என்றார்.